சத்தம் போடாத ரத்தம்

நவமணியின் தோலுக்கடியில் இருந்த செவி நூறாவது நாளாகச் சைபர் காட்டிய காலையில் அவளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார்கள். கபிலர்மலை வெல்லம். நிலவின் தென்முனையில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தின் ஓரத்தில், மண்ணுக்கடியில் கட்டிய நிலையத்தில், அந்த வெல்லத்துக்கு இருந்த மரியாதை வேறெதற்கும் இல்லை. வருடத்துக்கு இரண்டு கிலோதான் வரும். நூறு சைபர் எடுத்தவர் துளை எந்திரத்தின் இயக்கறையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எல்லோரும் பார்க்க அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எலுமிச்சம்பழத்துக்கு வழியில்லாததால் ஊறுகாய் பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை விசைப்பலகை மேல் வைத்திருந்தார்கள். சாமி இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதினான்கு பேரும் திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரம். உலகத்தின் எந்த மூலையில் தண்ணீருக்குத் துளை போட வேண்டுமானாலும் தங்கள் ஊர் ரிக்கைத்தான் கூப்பிடுவார்கள் என்று மார்தட்டிக்கொள்ளும் ஆட்கள். பூமியில் போடவேண்டிய துளையெல்லாம் போட்டு முடித்த பிறகு நிலவுக்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஆயிரம் மீட்டருக்குக் கீழே பனிக்கட்டி இருக்கிறது என்று கணக்கு. இப்போது தொள்ளாயிரத்து நாற்பதில் நின்றது.

"அம்மிணியும் நம்ம கட்சிக்கு வந்தாச்சு," என்றார் சென்னியப்பன். அவர்தான் மேனேஜர், ஐம்பத்தைந்து வயது. அவருடைய செவி ஒரு வருடத்துக்கு மேலாகச் சைபரில்தான் இருக்கிறது. "பதினாலுல பதிமூணு சைபரு. எந்தக் கேம்புக்குங்க இந்தப் பேரு இருக்குது?"

எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் நின்ற செல்லப்பனும் தட்டினான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. துளைக்குள் குழாய் இறக்கும் வேலை அவனுக்கு. முப்பத்திரண்டு வயது, கடைசியாக வந்து சேர்ந்த பதினான்காவது ஆள். அன்று காலை அவனுடைய எண் அறுநூற்று நாற்பது. ஐநூறைத் தாண்டினால் நிலையத்தில் இடமில்லை என்பது கம்பெனி விதி. மூன்று நாளில் வரும் பூமி ஓடத்தில் ஒரே ஒரு இருக்கை. அது அவன் பேருக்கு எழுதியாகிவிட்டது.

"என்றா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற," என்றான் மாரப்பன், துளைக்காரன். "ஊருக்குப் போய் நாலு நாள் நல்ல சோறு தின்னாச் செரியாப் போயிரும்."

"பாதிப் போருல எறங்கிப் போறனேங்ணா. ஊருல என்ன சொல்லுவாங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை. தண்ணீர் வராத ஆழ்துளைப் போரைக்கூட அவர்கள் ஊர் மன்னித்துவிடும். பாதியில் விட்டுவிட்டு வந்தவனை மன்னிக்காது.

நவமணி வெல்லத்தை நாக்கில் வைத்துக் கரைய விட்டாள். நாற்பத்தொரு வயதில், நிலையத்தின் ஒரே நலக்காப்பாளராக, தானும் சைபர் கட்சியில் சேர்ந்துவிட்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

செவி என்பது முழுப் பெயரில் உயிரணுச்செவி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் அரிசிமணி அளவு கருவி. அது வந்த பிறகுதான் மனிதன் காற்றும் காந்தக் கவசமும் இல்லாத இடத்தில் வருடக்கணக்கில் குடியிருக்க முடிந்தது. விண்வெளிக் கதிர்கள் சல்லடையாக உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும் இடம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு நவமணி ஒரு பாடம் எடுப்பாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு நூல் சுத்தி வெச்சிருக்குதுங்க. கதிர் பட்டா அந்த நூல் அறும். அறுந்த ஒடனே அந்தச் செல்லே சத்தம் போடும். ஒரு புரதம் இன்னொண்ணத் தட்டி எழுப்பும், அது அடுத்ததத் தட்டும். கடைசியா காவக்காரப் புரதம் முழிச்சு, பெருகறத நிறுத்துன்னு சொல்லும். ஒட்ட முடிஞ்சா நூல ஒட்டும். முடியலீன்னா அந்தச் செல்லத் தானாச் சாகச் சொல்லும். இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அறுந்த நூலோட செல்லு பெருக ஆரம்பிச்சுரும். அதுதானுங்க கேன்சரு."

செவிக்கு இரண்டு வேலை. செல்கள் போடும் சத்தத்தைக் கேட்டு எண்ணிச் சொல்வது ஒன்று. சத்தம் கேட்ட உடனே விரைவூட்டி என்ற மருந்தைச் சொட்டுவது இன்னொன்று. விரைவூட்டி பட்டால் காவல்காரப் புரதம் நிதானிக்காது. ஒட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. சத்தம் போட்ட செல் அங்கேயே செத்துவிடும். அரைகுறையாக ஒட்டிய நூல்தான் புற்றுக்கு விதை என்பதால், ஒட்டுகிற வேலையையே ஒழித்துவிட்டார்கள். செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல்லை எலும்பு மஜ்ஜை செய்துகொள்ளும். பத்து வருடமாக நிலவில் இருந்தவர்கள் யாருக்கும் புற்று வரவில்லை என்று கம்பெனி சொன்னது. சிலருக்கு எண் மெல்ல மெல்லக் குறைந்து சைபருக்கு வந்தது. உடம்பு கதிருக்குப் பழகிவிட்டது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். நவமணியும்தான்.

வெல்லத்தின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே அவள் தன் அறைக்கு வந்து, முந்தின நாளின் கதிர் வில்லைகளைப் பதிய உட்கார்ந்தாள். முந்தின நாள் சூரியப் புயல் அடித்தது. எச்சரிக்கை மணி அடித்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லோரும் காப்பறைக்குள் ஓடிவிட்டார்கள், மாரப்பனைத் தவிர. வெளியே குழாய் அடுக்கு சரிந்து அவன் கால் மாட்டிக்கொண்டது. நவமணிதான் ஊர்தியை எடுத்துக்கொண்டு போய் அவனை இழுத்து வந்தாள். இருவரும் முக்கால் மணி நேரம் புயலில் நின்றார்கள்.

கதிர் வில்லை என்பது சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான். அதற்கு உயிர் இல்லை, மருந்து இல்லை, எதற்கும் பழகத் தெரியாது. எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவு கறுக்கும். செல்லப்பனின் வில்லை ஒன்பது. மாரப்பனுடையது முப்பத்து மூன்று. அவளுடையது முப்பத்தொன்று.

பக்கத்துக் கட்டத்தில் செவி எண்ணை எழுத வேண்டும். செல்லப்பன், அறுநூற்று நாற்பது. மாரப்பன், சைபர். நவமணி, சைபர்.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. காப்பறைக்குள் உட்கார்ந்திருந்தவன் உடம்பு அறுநூறு தடவை கத்தியிருக்கிறது. புயலில் முக்கால் மணி நேரம் நின்ற அவள் உடம்பு ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. பழகிய உடம்பில்கூடக் கதிர் பட்டால் நூல் அறுந்துதானே ஆக வேண்டும். நூலுக்கு எப்படிப் பழக்கம் வரும்?

செவி கெட்டுப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு செவி கெடலாம். பதிமூன்று செவியுமா கெடும்? அலமாரியிலிருந்து உபரிச் செவிகள் இரண்டை எடுத்தாள். விரலில் குத்தி ஒரு கிண்ணத்தில் தன் ரத்தத்தைப் பிடித்தாள். மாதாமாதம் எல்லோரிடமும் எடுத்து வைக்கும் ரத்த மாதிரிகளிலிருந்து செல்லப்பனுடையதைத் தேடி இன்னொரு கிண்ணத்தில் விட்டாள். இரண்டையும் தட்டில் வைத்து மூடிக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.

கிடங்கின் மூலையில் ஈயப்பெட்டி இருந்தது. அதற்குள் ஆழமானி, அடியில் பாறையா பனிக்கட்டியா என்று பார்க்கத் துளைக்குள் இறக்கும் இரும்புக் குழல். அதன் நுனியில் பயறு அளவு கதிர்க்கட்டி. பெட்டியைத் திறக்கும் சாவி குழாய்க்காரனிடம்தான் இருக்கும். செல்லப்பன் அங்கே தன் கையுறைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியத் தொறந்து குடு செல்லப்பா. பத்து நிமிசம்."

"எதுக்குங்கக்கா?"

"ஒரு சோதன. யாருகிட்டயும் சொல்லாத."

அவன் மறுபேச்சில்லாமல் திறந்தான். இரண்டு கிண்ணங்களிலும் ஒவ்வொரு செவியைப் போட்டு, கிண்ணங்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இருவரும் கதவுக்கு வெளியே போய் நின்றார்கள். கைத்திரையில் இரண்டு எண்கள் தெரிந்தன. செல்லப்பனின் ரத்தம் முதலில் முப்பது காட்டியது. பிறகு தொண்ணூறு. நானூறு. ஏறிக்கொண்டே போனது.

"இது யாருதுங்க?"

"உன்றது."

"அப்ப இந்தச் சைபரு?"

"என்றது."

பத்து நிமிடம் கழித்துச் செல்லப்பனின் ரத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. நவமணியின் ரத்தம் சைபரில் நின்றது. செவிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதேதான். செவி கெடவில்லை.

அறைக்குத் திரும்பித் தன் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வெள்ளணுச் செல்லின் நடுவில் உருண்டையாக ஒரு கரு இருக்க வேண்டும். அவள் செல்களில் கருவுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. நூல் அறுந்த பிறகும் நிற்காமல் பெருகிய செல்லில்தான் அப்படித் துணுக்குகள் மிஞ்சும். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை என்று சங்ககிரியில் நர்ஸாக இருந்தபோது படித்திருக்கிறாள். இங்கே மூன்றுக்கு ஒன்று அப்படி இருந்தது.

அவளுக்கு அலற வேண்டும்போல இருந்தது. தன் தோலைத் தானே தொடப் பயமாக இருந்தது. உள்ளே கோடிக்கணக்கில் அறுந்துகொண்டிருக்கின்றன, அறுந்தபடியே பெருகிக்கொண்டிருக்கின்றன, ஒன்றுகூட மூச்சு விடவில்லை.

"உக்காருங்கக்கா," என்றான் பின்னாலேயே வந்திருந்த செல்லப்பன். "என்னாச்சுன்னு சொல்லுங்க. எனக்கும் பயமா இருக்குது."

அவள் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே முழுவதும் விளங்கியது. செவி எதைக் கொன்றது? சத்தம் போட்ட செல்லை. பத்து லட்சம் செல்லில் ஏதோ ஒன்று, சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போய், அறுந்தும் சத்தம் போடாமல் இருந்திருக்கும். அதைச் செவி தொடவில்லை. சத்தம் போட்டதெல்லாம் நாள்தோறும் சாக, காலியான இடத்தையெல்லாம் அந்த ஊமைச் செல்லின் வம்சம் பிடித்துக்கொண்டது. எண் குறைந்துகொண்டே வந்ததற்கு அர்த்தம் உடம்பு பழகியது அல்ல. கத்துவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. கத்த ஒருவரும் மிச்சமில்லாத நாளில் எல்லோரும் கூடி வெல்லம் கொடுத்தார்கள்.

"அப்ப எனக்கு?"

"உனக்கு ஒண்ணுமில்ல சாமி. இங்க ஒழுங்கா இருக்கற ரத்தம் உன்றது ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்குங்க என்னைய அனுப்பறாங்க?"

நவமணி அவனை வெளியே அனுப்பிவிட்டு மற்ற பன்னிரண்டு மாதிரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி. எவ்வளவு காலச் சைபரோ அவ்வளவு மோசம். கடைசியாகச் சென்னியப்பனுடையது. அதில் துணுக்குகள் மட்டுமல்ல; மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத பிஞ்சு வெள்ளணுக்கள் கும்பல் கும்பலாக மிதந்தன. அவை ரத்தப் புற்று என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவளுக்கு அங்கமுத்துவின் ஞாபகம் வந்தது. ஏழு மாதத்துக்கு முன் அவன் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். அடிபடாமலேயே தோல் நீலமாகக் கன்னிப்போகிறது அக்கா, உடம்பில் என்னமோ சரியில்லை என்றான். அவன் செவி சைபர் காட்டியது. சைபர் காட்டுகிறவனுக்கு என்ன கேடு? நிலையத்தில் யார் புகார் சொன்னாலும் கம்பெனி அவரை ஓய்வுக்கு ஊருக்கு அனுப்பிவிடும். நலக்காப்பாளர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நவமணி 'மனக்கலக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முன்னால் தண்ணீர் கசக்கிறது என்றவனுக்கும், காற்றில் வாடை வருகிறது என்றவனுக்கும் அதே வார்த்தை, அதே கையெழுத்து. அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. உணவறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'புகார் இல்லாத நாள்: 211'. தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றுவதுகூட அவள் வேலைதான்.

மறுநாள் காலையில் அவள் சென்னியப்பனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். படங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பல்லு வெளக்கயில ரத்தம் வருதுங்களாண்ணா?"

"ரெண்டு மாசமா வருது. வயசான பல்லுன்னா வராதா அம்மிணி."

"தொடையில, முதுகுல எங்கயாச்சும் கன்னியிருக்குதுங்களா?"

அவர் படங்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் கண்ணில் இருந்தது கோபமல்ல, பயம். தெரிந்துவிடக்கூடாது என்று பல நாளாகப் பொத்தி வைத்திருந்த பயம்.

"இன்னும் அறுவது மீட்டர்," என்றார் கடைசியில். "ஒரு மாசத்து வேல. இத்தன பேத்தக் கூட்டிட்டு வந்தவன் நான். வெறுங்கையோட எறங்கச் சொல்றீங்களா?"

"உசுரோட எறங்கச் சொல்றனுங்க. இப்பப் போனா மருந்து இருக்குது. மஜ்ஜை மாத்தலாம். ஒரு மாசங் கழிச்சு உங்களுக்கு எதுவும் பண்ண முடியாதுங்ணா."

"கம்பெனி சட்டம் தெரியுமில்ல. மூணு பேரு சேந்து புகார் குடுத்தாத்தான் கேம்பக் காலி பண்ணுவான். ஒருத்தர் குடுத்தா அந்த ஒருத்தரத்தான் எறக்குவான்."

"தெரியுமுங்க. மத்தியானம் எல்லார்த்தையும் கூப்புடுங்க. நான் கேக்கறன்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதினான்கு பேரும் உணவறையில் கூடினார்கள். நவமணி படங்களைச் சுவரில் காட்டினாள். துளை போடுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பாறை உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் துளை நல்லபடியாக இறங்குகிறது என்று அர்த்தம்; சத்தம் திடீரென்று நின்றால் எந்திரத்தை நிறுத்திவிட்டு என்ன உடைந்தது என்று பார்ப்பீர்கள் அல்லவா, உங்கள் உடம்பில் சத்தம் நின்று மாதக்கணக்காகிறது என்றாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள். "என்னையச் சேத்துப் பதிமூணு பேருக்கும் இது இருக்குது. என்ற கையி முதல் கையி. இன்னும் ரெண்டு கை வேணும். ஒடம்புல அடிபடாமக் கன்னியிருக்கறவங்க, பல்லுல ரத்தம் வர்றவங்க, ராத்திரி வேத்துக் கொட்டறவங்க, கை தூக்குங்க."

சென்னியப்பன் எழுந்து நின்றார். நியாயமான மனிதர் அவர், யாரையும் மிரட்டவில்லை.

"அம்மிணி சொன்னதக் கேட்டீங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபன இல்ல. ஒடம்புக்கு ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. செல்லப்பன். பதினான்கு பேரில் நோயில்லாத ஒரே ஆள். நவமணிக்கு அழுகை வந்தது.

இன்னும் ஒரு கை போதும். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாரப்பனின் முன்னங்கையில், சட்டைக் கைக்குக் கீழே, நீலமாக ஒரு வட்டம் தெரிந்தது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மேசையிலிருந்து ஒரு சாண் எழுந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இன்னொரு கையால் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டில் இருந்த சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். மற்றவர்கள் நிமிரவே இல்லை. சாப்பிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்த அமைதியை நவமணிக்குத் தெரியும். நேற்று முழுவதும் மைக்ராஸ்கோப்பில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"ரெண்டு கைதான்," என்றார் சென்னியப்பன். "சட்டப்படி இது போதாதுங்க." பிறகு செல்லப்பன் பக்கம் திரும்பினார். பரிவாகத்தான் பேசினார். "செல்லப்பா, ஓடத்துல ஒரு சீட்டுதான் இருக்குது. புகார் குடுத்தவங்களுக்குத்தான் மொத உரிம. அம்மிணி போயிட்டா உனக்குச் சீட்டு இல்ல. அடுத்த ஓடம் மூணு மாசங் கழிச்சு. புயலால ஏறுன எண்ணுதான, எறங்கிரும். நீ இங்கயே இருந்து போர முடிச்சுட்டே போலாம். இல்ல, நீயும் புகார்தான்னா சொல்லு. ரெண்டு பேர்த்துல யாரு போறதுன்னு கம்பெனிகிட்டக் கேக்கறன்."

செல்லப்பனின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவன் நவமணியைப் பார்த்தான். துளைத் தண்டு இருக்கும் திசையைப் பார்த்தான். ஊரில் அவனை வரவேற்கப்போகிற கேள்விகள் அவன் முகத்தில் ஓடுவதை அவளால் பார்க்க முடிந்தது.

"வேண்டாம் செல்லப்பா," என்றாள். "கைய எறக்காத. உன்ற ரத்தத்தப் பாத்தயில்ல, இங்கயே இருந்தா அதுவும் ஊமையாயிரும்."

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்கதானுங்கக்கா சொன்னீங்க," என்றான் அவன். கை மெல்ல இறங்கி, தலையைச் சொறிந்துவிட்டு, மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஓடம் வந்த காலையில் சென்னியப்பன் படிவத்தைக் கொண்டுவந்தார். இறக்கம் பெறுபவர், நவமணி. காரணம் என்ற இடத்தில் அவரே எழுதியிருந்தார்: மனக்கலக்கம். கீழே நலக்காப்பாளர் கையெழுத்து வேண்டும். நிலையத்தில் நலக்காப்பாளர் அவள் ஒருத்திதான்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"போடலீன்னா ஓடத்துல ஏத்த மாட்டாங்க. ஏறலீன்னா உங்களுக்கு வைத்தியம் இல்ல." அவர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரியும். "போங்க அம்மிணி. நீங்களாச்சும் போய்ப் பொழச்சுக்குங்க."

அவள் மனக்கலக்கத்தை அடித்துவிட்டு, பதிமூன்று பேருக்கு ரத்தப் புற்று என்று எழுதினாள். சென்னியப்பன் பொறுமையாக இன்னொரு படிவத்தை எடுத்து வைத்தார். அதையும் அடித்தாள். மூன்றாவதை வைத்தார். வெளியே ஓடத்தின் மணி அடித்தது. ஐந்து நிமிடம்தான் இருந்தது. பயம் என்பது எவ்வளவு சின்னத்தனமான விஷயத்தையும் செய்ய வைத்துவிடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கமுத்துவுக்குப் போட்ட அதே கையெழுத்தைப் போட்டாள். கண்ணாடித் துண்டுகள் பதிமூன்றையும் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மனக்கலக்கம் என்று எழுதி அனுப்பப்பட்டவள் காலுறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டும் கண்ணாடித் துண்டை யார் வாங்கிப் பார்ப்பார்கள் என்பது வேறு கேள்வி.

போகும் வழியில் உணவறைப் பலகை கண்ணில் பட்டது. அவள் மாற்றவில்லை, ஆனாலும் மாற்றியிருந்தார்கள். 'புகார் இல்லாத நாள்: 214'. ஊருக்குப் போகிறவளின் புகாரை இந்தத் தடவை நிலையத்தின் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓடம் நிலத்தை விட்டு எழும்பும் நேரத்தில் காதருகே ஒலிபெருக்கி கரகரத்தது. செல்லப்பன்.

"அக்கா, கேக்குதுங்களா? ஒரு நல்ல சேதி. இன்னிக்குக் காலைல என்ற எண்ணு நூத்தி இருவதுதானுங்க. நேத்து முந்நூறு. கொறஞ்சுட்டே வருதுங்கக்கா."

புயல் அடங்கினால் எண் குறையும். அது இயல்புதான். நல்ல ரத்தத்திலும் குறையும். ஆனால் அது எங்கே நிற்கும் என்று இனிமேல் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

"செல்லப்பா, கவனமாக் கேளு. எண்ணு எறங்கறது நல்லதில்ல. சைபருக்கு வந்துச்சுன்னா..."

"வந்துரும்ங்கக்கா, மேனேஜரும் அதத்தான் சொல்றாரு. நூறு நாள்ல வெல்லந்தான்."

அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் கை தட்டுவது கேட்டது. நவமணி கத்தினாள். இருக்கைப் பட்டையை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். ஓடத்தின் தானியங்கிக் குரல் அமைதியாகச் சொன்னது, பயணிக்குக் கலக்கம் அதிகமாக இருக்கிறது, உறக்க மருந்து செலுத்தப்படுகிறது என்று. காறை எலும்புக்குக் கீழே ஊசி இறங்குவதை உணர்ந்தாள். கைத்திரையில் அவளுடைய செவி அன்றைய எண்ணைக் காட்டியது. சைபர்.